பக்கத்து மையம் நிரம்பிவிட்டது

1

இந்தக் கதை எனக்கு நைரோபியில், மட்டாட்டு எனப்படும் சிற்றுந்துகளின் நிறுத்தம் ஒன்றில் கிடைத்தது. பின்னால் மூன்று வண்டிகள் காலியாக நிற்க, கண்டக்டர் முதல் வண்டிக்குள்ளேயே எல்லோரையும் திணித்துக்கொண்டிருந்தான். அது நிரம்பாமல் அடுத்ததில் ஏற விடமாட்டான். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தபோது என் கதாநாயகி பிறந்துவிட்டாள்.

2

ஜெலகட் கணினியின் முன்னால் உட்கார்ந்து...

(வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

மறுபடி: வேறொரு கண்டத்தில் ஜெலகட்டின் தம்பி கெமோய் மாரத்தான் ஓடிக்கொண்டிருக்கிறான். நாடே கைபேசியில் பார்க்கிறது. அந்த நேரலையைத் தருவது அவள் வேலை செய்யும் நிறுவனம். நைரோபி, ஜோகன்னஸ்பர்க், லாகோஸ் என்று மூன்று தரவு மையங்கள். பார்க்க வருகிறவரை எங்கே அனுப்புவது என்ற விதியை எழுதியவள் அவள்தான்: பக்கத்து மையத்துக்கு அனுப்பு, அது முழுக்க நிரம்பினால் மட்டும் அடுத்தது.

எங்கள் ஊர்க்காரி வேறெப்படி எழுதுவாள்?

(வண்டி நிரம்பினால் கிளம்பும். மையம் நிரம்பினால் மூச்சுத் திணறும். இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?)

3

நாற்பத்தோராவது கிலோமீட்டரில் படம் உறைந்தது. கெமோயின் ஒரு கால் தரையில், மற்றது காற்றில்.

"நைரோபி மையம் உயிரோடதான் இருக்குன்னு திரை காட்டுதே!" என்றாள் ஜெலகட்.

"மட்டாட்டுல தொங்கிக்கிட்டு வர்றவனும் உயிரோடதான் இருக்கான்," என்றான் பக்கத்து நாற்காலி ஒச்சோலா. "கண்டக்டரம்மா, கதவைச் சாத்து!"

"மொத்தமா சாத்தினா எல்லாரும் ஜோகன்னஸ்பர்க் தலையில விழுவாங்க. அது படுக்கும். அப்புறம் லாகோஸும் படுக்கும்."

"அப்ப?"

"புதுசா வர்றவங்களை மட்டும் ரெண்டு பக்கமும் பிரிச்சு விடுறேன்."

விரல்கள் பறந்தன. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம். புதிதாக வந்தவர்களுக்குப் படம் ஓடியது! எழுதும்போது நானே எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் முன்பே உள்ளே இருந்தவர்கள் நேரலையை மூடிவிட்டுத் திரும்ப வந்தால்தான் புது இடம் கிடைக்கும். இத்தென் என்ற மலையூரில் ஜெலகட்டின் அம்மா ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருக்கிறாள். மகன் முதன்முறையாக ஜெயிக்கப் போகிறான்.

4

ஜெலகட் போன் போட்டாள்.

"அம்மா, அதை மூடிட்டு மறுபடி திறம்மா."

"மூடுறதா? இடம் போயிடும்டி! மொத ஆளா ஏறிப் பிடிச்சு வச்சிருக்கேன்."

"போகாது. ஜோகன்னஸ்பர்க்ல நிறைய காலியா இருக்கு."

"அவ்வளவு தூரம் நான் எதுக்குப் போகணும்? என் பிள்ளை இங்க நிக்கிறான்."

"நிக்கலம்மா, ஓடுறான்! முன்னாடி ஓடுறான்!"

5

முதல் முடிவு: அம்மா மூடித் திறக்கிறாள், அந்த நொடியில் கெமோய் கோட்டைத் தாண்டுகிறான். (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இரண்டாவது: அவள் மூடவே மாட்டாள். கூட்டம் குறைந்து நைரோபி மூச்சுவிட, படம் ஒரே தாவலாகத் தாவி, அதற்குள் மகன்...

முடியவில்லை. அம்மாவின் கட்டைவிரல் திரைக்கு மேலே நிற்கிறது. கெமோய்க்கு இன்னும் இருநூறு மீட்டர். முடிவுகள் எல்லாம் எனக்குள்ளேயே ஏறி நெரிக்கின்றன. ஜெலகட் செய்ததைத்தான் நானும் செய்யப் போகிறேன். உங்களிடம் இடம் இருக்கிறதல்லவா?

முடிவை உங்களிடம் அனுப்பிவிட்டேன். விரலை நீங்கள் இறக்குங்கள்.