இரவல் வாங்கிய கேசட்

கோபே நகரத்தின் தாருமி பகுதியில் இருந்த கஜிதானி மசவோமியின் வீட்டில் மூன்று அறைகள். ஒன்று அவனுக்கும் மனைவி சயோகோவுக்கும், இன்னொன்று மகளுக்கு. மூன்றாவது அறை முழுக்கப் பழைய வீடியோ கேம் கேசட்டுகள். "உங்க பிளாஸ்டிக் பிள்ளைங்களுக்குத் தனி ரூம், எனக்கு அலமாரியில பாதி" என்று சயோகோ அடிக்கடி சொல்வாள். சொல்வாளே தவிர, மழைக்காலம் வந்தால் அந்த அறைக்குள் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

கஜிதானிக்கு நாற்பத்திரண்டு வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லீவு நாட்களில் ஒசாகாவுக்கு ரயிலேறி, நிப்பொம்பாஷி கடைகளின் குறுகலான மாடிப்படிகளில் ஏறி இறங்குவான். சேகரிப்பவர்களில் பல ரகம் உண்டு. சிலர் விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைப்பார்கள். சிலருக்கு ஒரு கம்பெனி வெளியிட்டதில் ஒன்றுகூட விடாமல் வேண்டும். கஜிதானி தேடத் தொடங்கியது முப்பத்தொரு கேசட்டுகளை மட்டும்தான். 1995 ஜனவரி பதினேழாம் தேதி விடியும்வரை அதே கோபேயின் நகாதா பகுதியில் அவனுடைய அறையில் இருந்தவை அவை. அவற்றைத் தேடிப் போன இடத்தில் மற்றவையும் வந்து ஒட்டிக்கொண்டன. முப்பத்தொன்றும் பத்தே வருடத்தில் கிடைத்துவிட்டன. அந்த அறையில் இருந்து எரிந்துபோன முப்பத்திரண்டாவது மட்டும் கிடைக்கவில்லை. அது அவனுடையதும் இல்லை.

'மலைநாட்டுத் தபால்காரன்' என்பது அதன் பெயர். ஒருவர் தபால் பையைச் சுமந்து பனிமலை ஏற வேண்டும். மற்றவர் முன்னால் ஓடிப் பாலம் போட்டு, ஓநாயை விரட்டி, வழி செய்ய வேண்டும். தனியாளாக ஆடினால் இரண்டாவது மலையைத் தாண்ட முடியாது. அதை வெளியிட்ட சின்னக் கம்பெனி அந்த வருடமே மூடிவிட்டதால் கடைகளுக்குப் போனதே கொஞ்சம். பதினெட்டு வருடத் தேடலில் இரண்டு தடவை அது அவன் கண்ணில் பட்டது. இரண்டு தடவையும் யாரோ முந்திக்கொண்டார்கள்.

ஆறாம் வகுப்பில் பக்கத்து மேஜைக்காரி தோகுனாகா கனாகோ, ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அதை அவனிடம் இரவல் கொடுத்தாள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் மறக்காமல் கொண்டுவந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். மூன்று நாளும் அவனும் அப்பாவும் சேர்ந்து ஆடினார்கள். திங்கள் இரவு அதைத் துணியில் சுற்றிப் பள்ளிப் பையில் வைத்துவிட்டுத்தான் படுத்தான்.

செவ்வாய் விடியுமுன் நிலம் ஆடியது. வீடு ஒரு பக்கமாகச் சரிந்தது. அப்பா ஜன்னல் சட்டத்தை உடைத்து அம்மாவையும் அவனையும் வெளியே இழுத்துப் போட்டார். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் தீ பிடித்து, வீடு வீடாக நெருங்கி வந்தது. அவன் பையை எடுப்பதற்காக இடிபாட்டுக்குள் திரும்ப ஓடினான். அப்பா பிடித்து நிறுத்தி, கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அப்பா அவனை அடித்ததே இல்லை.

இந்த மார்ச் மாதம், நிப்பொம்பாஷியில் மூன்றாம் மாடியில் கடை வைத்திருக்கும் நிஷிவாகி தொலைபேசியில் கூப்பிட்டார். ஏதோ ஊரில் கடையைக் காலி செய்த யாரோ ஒருவரின் கிடங்கிலிருந்து ஒரு 'தபால்காரன்' வந்திருக்கிறது, பெட்டி பிரிக்காதது என்றார். பிரிக்காதது உலகத்தில் இன்னொன்று இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவருக்குப் பணம் வேண்டாம்; கஜிதானியின் அறையில் எது எது இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஏழு கேட்டார். அந்த ஏழில் இரண்டு, பழைய முப்பத்தொன்றைச் சேர்ந்தவை. கஜிதானி அன்று மதியமே ஏழையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தான்.

நிஷிவாகி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியை நீட்டினார். "இதை நீ பிரிச்சேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் இந்தப் படியேறாதே" என்றார்.

கனாகோவின் எண் ஜனவரியிலேயே அவனிடம் வந்துவிட்டிருந்தது. நிலநடுக்கத்தின் முப்பதாவது வருட அஞ்சலிக்குப் பழைய பள்ளி மைதானத்தில் கூடியபோது வகுப்புத் தோழி ஒருத்தி கொடுத்தாள். வெறும் கையோடு என்ன பேசுவது என்று அப்படியே வைத்திருந்தான். இப்போது செய்தி அனுப்பினான்: ஆறாம் வகுப்பில் வாங்கிய கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வர வேண்டும். மறுநாள் பதில் வந்தது. கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, வரச் சொல்லி மட்டும் எழுதியிருந்தாள். ஏப்ரல் நடுவில் வந்தால் பேரிக்காய் மரங்களெல்லாம் பூத்திருக்கும், வேலையும் இருக்கும், பழைய சட்டை போட்டுக்கொண்டு வரட்டும்.

அவள் ஊரான தொத்தோரியின் ரயில் நிலையத்துக்குக் கனாகோ சின்ன வெள்ளை லாரியில் வந்திருந்தாள். தலையில் துணித்தொப்பி, கைக்கு உறை, உறையின் விரல் நுனியெல்லாம் மகரந்தப் பொடி. அவளுடைய கணவனுக்கு மலைச்சரிவில் பேரிக்காய்த் தோட்டம். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தடவும் நாட்கள் அவை. இருவரும் முதலில் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். 'நீங்க' என்றே பேசினார்கள். லாரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கனாகோ, "கஜிதானி, உன் காது இன்னும் அப்படியே நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். அதற்கப்புறம் 'நீங்க' போய்விட்டது.

வீட்டுக் கூடத்தில் தேநீர் வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். கஜிதானி பையைத் திறந்து, துணியைப் பிரித்து, பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். செவ்வாய்க்கிழமை தர வேண்டியது, எரிந்துவிட்டது, இது வேறு ஒன்று என்று மட்டும் சொன்னான்.

கனாகோ பெட்டியின் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இதையா முப்பது வருஷமா தேடின?"

"பதினெட்டு. அதுக்கு முன்னாடி தேட முடியும்னே தெரியாது."

"கெட்டுது போ. வீடே எரிஞ்சுபோச்சு, அதுல இதை யாரு கேட்டா?"

அப்போதுதான் அவன் யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். தீ வந்த நேரத்தில் எதிர்வீட்டு ஹமாகுச்சித் தாத்தா கூரைக்கடியில் சிக்கிக்கொண்டிருந்தார். குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவும் இன்னும் நாலு பேரும் கார் ஜாக்கியை வைத்து உத்தரத்தைத் தூக்கப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் அவன் கேசட் கேசட் என்று கத்தி அழுதான். அப்பா ஜாக்கியை விட்டுவிட்டு ஓடி வந்து அவனைப் பிடிக்க வேண்டியதாயிற்று. தாத்தாவைக் கடைசிவரை எடுக்க முடியவில்லை.

"அப்பா ஜாக்கியை விட்டு வந்திருக்காட்டி எடுத்திருப்பாங்களோ என்னவோ" என்றான். "அப்பா அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. போன வருஷம் அப்பாவும் போயிட்டார்."

வெளியே தோட்டத்துப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. கனாகோ துணித்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜிம் ஞாபகம் இருக்கா?" என்றாள். "எல்லாரும் தங்கியிருந்தாங்களே, ஸ்கூல் ஜிம். மூணாம் நாளு நான் அங்க வந்தேன். உன்னைப் பாத்தேன்."

கஜிதானிக்கு ஞாபகம் இருந்தது. வாசலில் அவள் நிற்பதைக் கண்டதும், கேசட்டைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, உடற்பயிற்சி வகுப்பில் தாண்டிக் குதிக்கும் மரப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் போகும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு வாரத்தில் கனாகோவின் குடும்பம் அவள் அம்மாவின் ஊரான இந்தத் தொத்தோரிக்கு வந்துவிட்டது.

"நீ என்னைப் பாத்த. பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போன" என்றாள் கனாகோ. "எங்க வீடு விழலை. ஓடுகூட அஞ்சாறுதான் சரிஞ்சுது. அம்மா உங்களுக்குக் குடுக்கச் சொல்லி சோத்து உருண்டை பிடிச்சு அனுப்பினா. எங்க வீடு நிக்குதுன்னு உனக்குக் கோபம், அதான் நீ திரும்பிக்கிட்டேன்னு நினைச்சேன். வழியிலயே உக்காந்து அத்தனையும் நானே தின்னேன். அம்மாகிட்ட குடுத்துட்டேன்னு பொய் சொன்னேன். இப்பவரைக்கும் அம்மாவுக்குத் தெரியாது."

"எத்தனை உருண்டை?"

"ஆறு."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். முப்பது வருடம் ஒருவருக்கொருவர் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே இரண்டு ஊர்களில் இருந்திருக்கிறார்கள். கனாகோ அவன் பக்கம் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளினாள். தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

கொஞ்சம் தெளிந்ததும் இன்னொன்றையும் சொன்னாள். கேசட் உண்மையில் அவளுடையதே இல்லை. தம்பி ரியோஹெய்யுடையது. அவனுக்கு அப்போது எட்டு வயது. கேட்காமல் அவன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். வருடாவருடம் புத்தாண்டுச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும், என் தபால்காரன் எப்போது வருவான் என்று அவன் அவளைக் கேலி செய்வான். வடக்கே குஷிரோவில் பால் லாரி ஓட்டும் ஆள், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், இன்னும் விட்டபாடில்லை.

கைபேசியில் அவனைப் பிடித்தாள். திரையில் அகலமான, தாடி வைத்த முகம் வந்தது. அக்கா பெட்டியைக் கைபேசிக்கு முன் தூக்கிக் காட்டினாள்.

ரியோஹெய் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். பிறகு, "அக்கா, அது பிரிக்காததா?" என்று கேட்டான். இதன் மதிப்பு அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனும் எப்போதோ தேடிப் பார்த்திருக்கிறான். கஜிதானி கைபேசியை வாங்கி, தலை வணங்கி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டான். அப்படியே வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், எல்லாம் அவன் விருப்பம் என்றான்.

"கஜிதானி அண்ணே" என்றான் ரியோஹெய். "அதோட பாட்டு எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு. லாரி ஓட்டும்போது பாடிப் பாத்தா அந்த ரெண்டாவது மலைக்கு மேல வரமாட்டேங்குது. மீதியைக் கேக்கணும். பிரிங்க."

பழைய கேம் பெட்டியையும், அதைப் புது டிவியில் மாட்டுவதற்கான வயர்களையும் கஜிதானி கொண்டுவந்திருந்தான். 'தபால்காரனை'ப் பிரிக்காமலே, தன்னிடமிருக்கும் வேறு ஒரு கேசட்டைப் போட்டு கேம் பெட்டி ஓடுவதைக் காட்டலாம் என்பது அவன் எண்ணம். இப்போது கேசட் பெட்டியின் ஒட்டுக் காகிதத்தில் நகத்தை வைத்தான். கனாகோ பழம் அறுக்கும் கத்தியைக் கொடுத்தாள். அவன் வேண்டாம் என்று நகத்தாலேயே கீறினான். உள்ளே கேசட், மடிப்புக் கலையாத விளக்கப் புத்தகம், கம்பெனிக்குக் கருத்து எழுதி அனுப்பும் அஞ்சல் அட்டை. அந்த அட்டை போய்ச் சேர்வதற்கு இப்போது விலாசமே இல்லை.

முதல் தடவையிலேயே ஓடியது. இசை வந்ததும் கனாகோ கைபேசியை டிவியின் அருகில் பிடித்தாள். குஷிரோவிலிருந்து ரியோஹெய் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். தெரியாத இடம் வந்ததும் நிறுத்திக் கேட்டான். பிறகு மறுபடி சேர்ந்துகொண்டான். அவன் பிள்ளைகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

கஜிதானி பையைச் சுமந்தான். கனாகோ முன்னால் ஓடிப் பாலம் போட்டாள். போட மறந்து இரண்டு முறை அவனைப் பள்ளத்தில் தள்ளினாள். மதியச் சாப்பாட்டுக்குத் தோட்டத்திலிருந்து வந்த கணவன், காலையிலிருந்து ஆள் குறைந்தது இதற்குத்தானா என்று கேட்டுவிட்டு, சோற்றுக் கிண்ணத்தோடு அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தான். சாப்பிட்டு முடித்தவன் கஜிதானியைக் கையோடு தோட்டத்துக்கு அழைத்துப் போனான். மூன்று மணிவரை கஜிதானி ஏணிமேல் நின்று, இறகுத் தூரிகையால் வெள்ளைப் பூக்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தான்.

தாருமி நிலையத்துக்குச் சயோகோ காரில் வந்திருந்தாள். கேம் பெட்டிகூட இல்லாமல் பை காலியாக இருப்பதைப் பார்த்துப் பிரித்தாயிற்றா என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். நிறுத்துமிடத்திலேயே, காரைக் கிளப்ப விடாமல், ஹமாகுச்சித் தாத்தாவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் கேட்டிராதவை.

சயோகோ ஸ்டியரிங்மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "பன்னெண்டு வயசுப் பையன்" என்றாள் கடைசியில். "உங்கப்பா உங்களைப் பிடிக்க ஓடி வந்தார்னா, அவருக்கு அன்னிக்கு எதை விடக் கூடாதுன்னு தெரிஞ்சிருந்தது. அவ்வளவுதான்." பிறகு அவன் கையைப் பிடித்துப் பார்த்து, நகத்துக்குள் என்ன மஞ்சளாக இருக்கிறது என்று விசாரித்தாள்.

ஆகஸ்டில், முன்னோர் விழாவுக்கு ரியோஹெய் தன் குடும்பத்தோடு தொத்தோரிக்கு வந்தபோது கஜிதானியும் சயோகோவையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனான். நிஷிவாகி எப்படியோ விஷயத்தைக் கேள்விப்பட்டு, மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார். அக்காவும் தம்பியும் டிவிமுன் உட்கார்ந்தார்கள். மூன்றாவது மலையில் பாலம் தாமதமாகிவிட்டது என்று ரியோஹெய் கோபித்தான். பையோடு அவன்தான் அவசரப்பட்டான் என்று கனாகோ பதிலுக்குச் சண்டை பிடித்தாள். அவர்களுடைய அம்மா குளிர்ந்த பேரிக்காயை நறுக்கிக்கொண்டே, கஜிதானியைப் பார்த்து, அந்தக் காலத்தில் தான் அனுப்பிய சோற்று உருண்டை நன்றாக இருந்ததா என்று கேட்டாள்.

கனாகோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவளுடைய பாலம் பாதியில் நின்றுவிட்டது.

"ரொம்ப நல்லா இருந்துதும்மா" என்றான் கஜிதானி. "ஆறும்."