ஒரே ஒரு துண்டு

பட்டிப்பொலைக்குக் கீழே, தேயிலை மலையில் கம்பிச் சுருக்கில் மாட்டிச் செத்துக் கிடந்த மரை மானுக்கு மூன்று கால்கள்தான் இருந்தன. நான்காவதை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

காட்டு விலங்குகளுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிக்கும் குழுவில் சுலக்ஷனா உதவியாளர். நுரையீரலில் மாதிரி எடுத்து அனுப்பினாள். முடிவு வர எட்டு வாரம் ஆகும் என்றார் குழுவின் டாக்டர். அதற்குள் தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது: மரைக்கு டீபியாம், தின்றவனுக்கும் வருமாம்.

சுலக்ஷனா மறுத்துப் பேசவில்லை. அவள் பிறந்தது அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். கால் போன வீடு அவளுக்குத் தெரியும். மரை செத்துக் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு றொனால்டின் வீட்டில் மிளகு போட்டு இறைச்சி பொரித்த வாசம் லயம் வரைக்கும் வந்தது. வாசத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

மூன்று வருடங்களுக்கு முன், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் அவள் அம்மா பூரணி இருமிக்கொண்டே நின்று, ஆஸ்பத்திரிக்குப் போக லீவுத் துண்டு கேட்டாள். றொனால்ட் சட்டைப்பையில் இருந்த துண்டுப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். கொழுந்து நிறைந்த நேரத்தில் துண்டு கிடையாது, துண்டில்லாமல் போனால் பேரை வெட்டிவிடுவேன் என்றார். அம்மா போகவில்லை. இரண்டு மாதத்தில் செத்துப்போனாள்.

எட்டாம் வாரம், புதன்கிழமை காலை முடிவு வந்தது. சுலக்ஷனா வாசித்து, மடித்துப் பையில் வைத்தாள். பத்து மணிக்கு, குழுவின் ஜீப்பிலிருந்து சற்றுத் தள்ளி அவள் மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு றொனால்ட் வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு வந்தார். அவளை முதன்முறையாக 'மிஸ்' என்று அழைத்தார்.

"மிஸ், நம்ம ஆளு ஒருத்தரு அந்த எறச்சியில கொஞ்சம் தின்னுட்டாராம். ஏதும் வருமா?"

"பேரு?"

"பேரு எதுக்கு?"

"பேரில்லாத ஆளுக்கு நான் என்னத்த சொல்ல?"

அவருக்கு இருமல் வந்தது. மாதிரிகள் வைக்கும் ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் புள்ள. ஒரே ஒரு துண்டு."

"அப்ப அதையே ஒரு துண்டுல எழுதித் தாங்க ஐயா. துண்டில்லாம முடிவச் சொல்ல முடியாது."

றொனால்ட் அவளை வெறித்துப் பார்த்தார். மறுபடியும் இருமல். கடைசியில் சட்டைப்பையிலிருந்து துண்டுப் புத்தகத்தை எடுத்தார். பழக்க தோஷத்தில் அடியில் கார்பன் தாளும் வைத்தார். சுருக்கு கட்டிய இடம், கால் அறுத்த நாள் எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சுலக்ஷனா மேல்தாளைக் கிழித்துக்கொண்டு, பையில் இருந்த முடிவை விரித்தாள்.

"மரைக்கு ஒரு நோயும் இல்ல. சுத்தமான எறச்சிதான் தின்னிருக்கீங்க."

றொனால்ட் எட்டிப் பிடிப்பதற்குள் அவள் ஜீப்புக்குப் போய்விட்டாள். உள்ளே இருந்த வனவிலங்கு அதிகாரியிடம் தாளைக் கொடுத்து, இரண்டே வசனத்தில் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள். அதிகாரி இறங்கி வந்து ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

"ஏமாத்திட்டியே புள்ள," என்றார் றொனால்ட், ஏறும்போது. சொல்லி முடிப்பதற்குள் இருமல் அவரை வளைத்துவிட்டது.

"அந்த இருமல எதுக்கும் காட்டுங்க ஐயா," என்றாள் சுலக்ஷனா. "ஆஸ்பத்திரிக்குப் போக துண்டு ஒண்ணும் தேவயில்ல. எங்கம்மாவுக்குத்தான் அது தெரியாமப் போச்சி."