இரண்டாவது துண்டு

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, ரயில் பாலத்துக்குப் பின்னால் நான்காவது தெரு, பதினோராம் எண் வீட்டில், நான்கு பேர் உட்கார்ந்திருந்த மேஜையில் ஒரு சுரைக்காய் கேக் வெட்டப்பட்டது. வெளியே நாற்பத்தோரு டிகிரி வெயில்.

வெட்டியவர் அந்த வீட்டுக்காரர். முப்பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர். தெருவில் இன்றைக்கும் டிரைவர் என்றால் அவர்தான். மூன்று வருடங்களுக்கு முன் கண் பரிசோதனையில் கடைசி இரண்டு வரிகளைப் படிக்க முடியாமல் போனதால் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மனைவிக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. காலை எட்டு மணிக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனால் மாலை ஐந்து வரை வீட்டில் டிரைவரும் சுவர்க் கடிகாரமும்தான்.

அந்த நேரத்தில்தான் ஓவன் வந்து சேர்ந்தது. எதிர் வீட்டைக் காலி செய்தவர்கள் தூக்கிப்போக மனமில்லாமல் கொடுத்துவிட்டுப் போனது. ஞாயிறு பத்திரிகையின் இணைப்பில் கோடைக்கால காய்களையும் பழங்களையும் வைத்து வீட்டிலேயே எளிதாகச் செய்யும் கேக்குகள் என்று வாரம் ஒரு குறிப்பு வந்துகொண்டிருந்தது. டிரைவர் அவற்றைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தார். பஸ்ஸின் கால அட்டவணையைப் படித்த அதே கவனத்தோடு, விரலால் வரி பிடித்துப் படித்தார்.

எளிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. முதல் பிளம்ஸ் கேக்கில் சாறு இறங்கி அடிப்பகுதி பசையாகிவிட்டது. கேரட் கேக் டின்னிலிருந்து பிரியவே மாட்டேன் என்றது. பீச் போட்ட கேக்கில் சோடா உப்பு ஒரு ஸ்பூனுக்குப் பதில் மூன்று விழுந்து, வாயில் வைத்தவர்கள் எல்லாம் வாய் கொப்பளிக்க ஓடினார்கள்.

ஓடியவர்களில் முதல் ஆள் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அவர் வாய்க்குத்தான் மீட்டர் கிடையாது என்று அவர் மனைவியே சொல்வாள். மாதம் ஒரு ஞாயிறு இருவரும் சாப்பிட வருவார்கள். கேரட் கேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு மச்சான் சொன்னது தெருவுக்கே தெரியும்.

“மாப்ளே, மேட்டுல வண்டிய நிறுத்தினா சக்கரத்துக்கு அடியில ஒண்ணு வைப்பியே, அதத்தானே செஞ்சிருக்கே?”

எல்லோரும் சிரிப்பார்கள். டிரைவரும் சிரிப்பார். பிறகு கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். இரண்டு வருடத்தில் அவர் ஒரு முறைகூட மச்சானிடம் முகம் சுளித்ததில்லை. ஆனால் அந்த ஆள் வாயால் ஒரு தடவையாவது நல்லா இருக்கு என்ற சொல்லை வாங்கிவிட வேண்டும் என்பது உள்ளே முள் மாதிரி கிடந்தது.

இந்தக் கோடையில் குளியலறைச் சுவருக்குப் பின்னால், குப்பை மக்கும் குழியில் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்தது. போன வருடம் இங்கேயே காய்த்த சுரையிலிருந்து வீசிய விதையாக இருக்கும். டிரைவர் கயிறு கட்டி ஏற்றிவிட்டார். ஜூன் கடைசியில் ஐந்து காய்கள் தொங்கின. இளம்பச்சை நிறம், நகம் பட்டால் சாறு கசியும் பதம். பத்திரிகைக் குறிப்பில் சுரைக்காய் கேக்கும் இருந்தது. துருவிப் பிழிந்து, மைதாவில் கலந்து, பட்டைத் தூள் போட வேண்டும். அவ்வளவுதான்.

மச்சான் சாப்பிட வரவேண்டிய ஞாயிறு காலை, மனைவி மீன் வாங்கப் போயிருந்தபோது கலவையைத் தயாரித்தார். இரண்டு டின்களில் ஊற்றும் முன், வழக்கம்போல் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கசந்தது.

சோடா உப்பு என்றுதான் முதலில் நினைத்தார். பீச் கேக் செய்த காரியம் மனதைவிட்டுப் போகவில்லை. எலுமிச்சை பிழிந்து விட்டார். சர்க்கரை மூன்று கரண்டி கூட்டினார். பட்டைத் தூளை ஒரு பங்குக்கு இரண்டு பங்காகப் போட்டார். மறுபடி தொட்டுப் பார்த்தார். கசப்பு பின்னால் போயிருந்தது, முன்னால் இனிப்பு நின்றது. பரவாயில்லை என்று தோன்றியது.

பாத்திரம் கழுவும்போது துருவியின் பல்லில் ஒரு இழை சுரைக்காய் ஒட்டிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் வாயில் போட்டார். அடுத்த கணம் தொட்டியில் துப்பினார். மூன்று முறை வாய் கொப்பளித்தும் அது தொண்டையை விட்டுப் போகவில்லை.

ஓவன் சூடாகி விளக்கு அணைந்திருந்தது. விருந்துக்கு வேறு இனிப்பு இல்லை. வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. டிரைவர் இரண்டு டின்களையும் உள்ளே தள்ளி மூடினார்.

அந்த வருடத்தில் முதல் தடவையாகக் கேக் எழும்பி வந்தது. நடுவில் சரியாக ஒரு வெடிப்பு, பத்திரிகைப் படத்தில் இருந்தது போலவே. சந்தோஷத்தில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு உடனே கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

வறுத்த மீனும் சோறும் சாப்பிட்ட பிறகு மற்றது மேஜைக்கு வந்தது. மச்சான் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றுகொண்டிருந்த தாடை ஒரு கணம் நின்றது. தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு விழுங்கினார்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ளே.”

டிரைவருக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. மச்சானின் மனைவி சர்க்கரை நோய்க்காரி, ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்ததோடு நிறுத்திக்கொண்டாள். டிரைவரின் மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, பல் கூசுகிறது என்று தண்ணீர் குடித்தாள். டிரைவர் தன் துண்டில் பாதி சாப்பிட்டார். விழுங்கிய பிறகுதான் அந்தக் கசப்பு எழுந்து வந்தது. ஆனால் எதிரே இருந்த வாய் சும்மா புகழ்கிற வாய் இல்லை. அதுவே நல்லா இருக்கு என்கிறபோது தன் நாக்குத்தான் காலையிலிருந்து கெட்டுக்கிடக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

“அப்போ இன்னொண்ணு வைக்கட்டுமா மச்சான்?”

மச்சான் மறுபடி தங்கையைப் பார்த்தார். “வையேன்” என்றார்.

டிரைவர் பெரிய துண்டாக வெட்டி வைத்தார். மச்சான் அதை நாலு வாயில், பேசாமல், தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்று முடித்தார்.

நாலு மணிக்கு மச்சான் எழுந்து குளியலறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. டிரைவர் கதவைத் தட்டினார்.

“மாப்ளே,” உள்ளேயிருந்து குரல் மெலிந்து வந்தது. “பிரேக் பிடிக்கல.”

டிரைவர் சிரித்துவிட்டார். மூன்றாம் தடவை தட்டியபோது பதில் இல்லை. கதவை உடைத்துத் திறந்தார்கள். மச்சான் தரையில் சுவரில் சாய்ந்திருந்தார். வாந்தியில் ரத்தம் இருந்தது. இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு இரண்டு வருடமாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அவர்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவின் பெண் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. என்ன சாப்பிட்டார்? டிரைவரின் மனைவி ஒன்றுவிடாமல் சொன்னாள். மீன் என்றதும் டாக்டர் எழுதிக்கொண்டார். இந்த வெயிலில் எத்தனை மணிக்கு வாங்கியது, பனிக்கட்டியில் வைத்திருந்தார்களா என்று கேட்டார். கடைசியில் கேக்கைப் பற்றியும் கேட்டார். மனைவி டிரைவரைப் பார்த்தாள். முட்டை நேற்று வாங்கியது, பால் அன்று காலை வாங்கியது என்று டிரைவர் சொன்னார். இரண்டும் உண்மை. டாக்டர் உள்ளே போய்விட்டார்.

அவர் வயிறும் பிசைந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நடைபாதையில் பச்சை நாற்காலிகள் வரிசையாகச் சுவரோடு திருகி வைக்கப்பட்டிருந்தன. அதில் உட்கார்ந்து கால்மணி நேரம் ஆன பிறகுதான் இரண்டாவது டின் நினைவுக்கு வந்தது. எழுந்தார். வெளியே படிக்கட்டுக்கு வந்து தையல்காரருக்குப் போன் செய்தார்.

“அந்தக் கேக்கைப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடாதீங்க. எறும்பு விழுந்துடுச்சு.”

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா நினைக்காதீங்கண்ணே. மத்தியானமே கொட்டிட்டோம். சின்னவ வாயில வச்சதும் துப்பிட்டா. நானும் கிள்ளிப் பார்த்தேன், ஒரே கசப்பு. உங்க மனசு நோகுமேன்னுதான் சொல்லல.”

“நல்ல வேலை செஞ்சீங்க,” என்று சொல்லி டிரைவர் போனை வைத்தார்.

பிள்ளைகள் தப்பித்தார்கள் என்றதும் உடம்பு லேசானது. அதன் பின்னாலேயே இன்னொரு எண்ணமும் வந்து நின்றது. தையல்காரர் வாய் திறக்க மாட்டார். துருவியில் ஒட்டியிருந்த இழையைப் பற்றித் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். மீன் என்று எழுதியாகிவிட்டது. மீன் என்றே இருக்கட்டும். அவர் படிக்கட்டில் நின்று, ஆம்புலன்ஸ் ஒன்று பின்பக்கமாக ஒடித்து வருவதைப் பார்த்தார். ஓட்டுநர் ஒரே வளைவில் கச்சிதமாக நிறுத்தினான்.

திரும்பி வந்தபோது மனைவி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்ததும், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

“காலையில நான்தான் அண்ணனுக்குப் போன் பண்ணேன். இன்னைக்கு ஒரு நாள் அவரை ஒண்ணும் சொல்லாதண்ணே, குடுத்தத சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுன்னேன். நீங்க குழாயைத் திறந்துவிட்டுட்டு நிக்கிறது எனக்குத் தெரியாதா?”

டிரைவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மைதாவை நகத்தால் சுரண்டினார்.

“வாயில வச்சதுமே என்னைப் பார்த்தாரு. நான் கண்ணாலயே கெஞ்சினேன். ரெண்டாவது துண்டுக்கும் கெஞ்சினேன். எனக்கு ஒரு வாய்கூட இறங்கல, அவ்ளோ கசப்பு.” இப்போதுதான் அவள் தலையைத் திருப்பினாள். “மீன் நாலு பேரும்தானே தின்னோம். அந்தக் கேக்குல என்னங்க போட்டீங்க?”

நடைபாதைக் கோடியில் டாக்டர் ஒரு காகிதத்தோடு வந்துகொண்டிருந்தார். டிரைவர் எழுந்து அவரிடம் போனார். மனைவியும் கூடவே வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு அவர் சட்டையில் பட்டது. சுரைக்காய் கசப்பாக இருந்தது என்று அவர் சொன்னார். எவ்வளவு கசப்பு என்று டாக்டர் கேட்டார். துப்புகிற அளவுக்கு என்றார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

“எப்போ தெரியும் உங்களுக்கு?”

“அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடி.”

தோளுக்குப் பின்னால் இருந்த மூச்சு விலகியது. டாக்டர் நர்சைக் கூப்பிட்டு இரண்டு மருந்துகளை நிறுத்தச் சொன்னார். இன்னொன்றைத் தொடங்கச் சொன்னார். கூடுதலாக ரத்தம் கேட்டு அனுப்பினார். கசப்புச் சுரைக்காயின் நச்சை முறிக்க மருந்து கிடையாது என்றும், ஆனாலும் வந்தவுடனே சொல்லியிருக்க வேண்டும் என்றும், குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு உள்ளே போனார். டிரைவர் திரும்பிப் பார்த்தபோது மனைவி நாற்காலிகளின் மறு கோடியில், அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் புதன்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு இறந்தார்.

வெள்ளிக்கிழமை சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு கொடியை வேரோடு பிடுங்கினார். மீதியிருந்த நான்கு காய்களையும், மேஜையில் மூடி வைத்தபடியே இருந்த பாதிக் கேக்கையும் தனித்தனிப் பைகளில் போட்டு எண் எழுதினார். ரயில் பாதை ஓரத்தில் காட்டுச் சுரை ஏதாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். டிரைவர் அழைத்துப்போய்க் காட்டினார். வேலிக் கம்பி நெடுக அது படர்ந்திருந்தது. போன வருடம் தேனீக்கள் அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கும், தானாக முளைக்கிற கொடிகளில் இது நடப்பதுதான் என்று அவர் விளக்கினார்.

பதினேழு நாள் கழித்து அறிக்கை வந்தது. காயில் நச்சு இருந்தது. வேகவைப்பதாலோ சர்க்கரை சேர்ப்பதாலோ அது குறைவதில்லை. இறந்தவர் சாப்பிட்டுவந்த மாத்திரையால் ரத்தப்போக்கு அதிகமாகியது. இது விபத்து, மேல் நடவடிக்கை இல்லை. அறிக்கையில் மொத்தம் ஒன்றரைப் பக்கம். துருவியைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

டிரைவரின் மனைவி அண்ணனின் காரியங்களுக்காக அண்ணி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஜூலை மாதம் முழுவதும் அங்கிருந்தே வேலைக்குப் போனாள். அந்த வீட்டிலிருந்து தபால் நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.