வெங்கடரமணன் உண்மை சொன்ன ஞாயிற்றுக்கிழமை

பி.காம். ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர் இன்னும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நான், மந்தைவெளி சங்கரன், தி.நகர் ஷீலா, அடையாறு வெங்கடரமணன். நாலு பேருமே அட்மின். டிசம்பர் வந்தால் ஒரு ஞாயிறு மயிலாப்பூர் சபா கேன்டீனில் இலைச் சாப்பாடு. வெங்கடரமணன் ஒரு வருஷம்கூட நேரத்துக்கு வந்ததில்லை.

அவன் மெசேஜுக்கு எங்களிடம் தனி அர்த்தம் உண்டு. 'கிளம்பிட்டேன்' என்றால் இன்னும் குளிக்கவில்லை. 'லஸ் சிக்னல்ல நிக்கறேன், மெட்ரோ வேலை' என்றால் அப்போதுதான் செருப்பு மாட்டுகிறான். போன வருஷம் நாங்கள் மோர் சாதத்துக்கு வந்த பிறகு வந்தான். வந்த வேகத்தில் ஷீலா இலையிலிருந்த வடையை எடுத்துக்கொண்டான்.

"இந்த வருஷம் லேட்டா வந்தா குரூப்ப விட்டுத் தூக்கிடுவோம்" என்று சங்கரன் எழுதிவிட்டான். ரிடையர் ஆன பிறகு வெங்கடரமணன் தினமும் குட்மார்னிங் போடுவது எங்களுக்கு மட்டும்தான். பயந்துபோய், 'சத்தியமா வந்துடறேன்டா' என்று பதில் போட்டான்.

பன்னிரண்டு மணிக்குச் சந்திப்பு. பதினொன்று நாற்பதுக்கு அவனிடமிருந்து மெசேஜ்: 'வந்துட்டேன். நாலு டோக்கனும் வாங்கிட்டேன்.'

நான் கடையில் பிளவுஸ் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். சங்கரன் போன் செய்தான்.

"பாத்தியா, டோக்கனாம். புதுசா கத விடறான்."

"இன்னும் எழுந்திருக்கவே இல்லன்னு அர்த்தம். நாம ஒன்றரைக்குப் போனா போதும்."

"சும்மா விடக்கூடாதுடா. நாம உள்ள உக்காந்துட்டோம்னு போடு."

'இலை போட்டாச்சு, ஆளக் காணோமே' என்று நான் போட்டேன். 'சாம்பார் வந்தாச்சு' என்றான் சங்கரன். ஷீலா இன்னும் ஒரு படி மேலே போய், போன வருஷ இலை போட்டோ ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டாள்.

ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு வெங்கடரமணனிடமிருந்து வந்தது: 'அப்படியா? நான் இன்னும் லஸ் சிக்னல்லதான் நிக்கறேன். நீங்க சாப்டுண்டிருங்கோ.'

"ஒத்துக்கிட்டான் பாரு" என்று சங்கரன் போனிலேயே சிரித்தான்.

ஒன்றரைக்கு மூன்று பேரும் சபா வாசலில் சேர்ந்தோம். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பல் குத்திக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நைனா, நீதான கணேசமூர்த்தி? சாரு போட்டோ காட்னாரு."

"ஆமா. நீங்க?"

"வடிவேலு. அடையார்லேந்து சாரை ஆட்டோல இட்டாந்தேன். உன் எலைல நான்தான் துன்னேன். பாயசம் ரெண்டு தபா ஊத்துனாங்கோ."

"அப்ப எங்க ரெண்டு பேர் இலை?" என்றாள் ஷீலா.

"நம்ம ஸ்டாண்டு ஆளுங்கோ ரெண்டு பேரு. எலை காலியா கீதுன்னு கேன்டீன்காரரு கத்திக்கினு இருந்தாரு. சாருதான் கூப்ட சொன்னாரு. உங்க மெசேஜையெல்லாம் படிச்சிக் காட்னாரும்மா. நீ போட்ட போட்டோல வடைய எடுக்குது பாரு ஒரு கை, அது அவரு கையாமே."

ஷீலா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரத்தில் வடை, வடைமேல் விரல், விரலில் வெங்கடரமணனின் நவரத்தின மோதிரம்.

அதற்குள் குரூப்பில் புதுப் போட்டோ வந்தது. நாலு இலை, மூன்று காக்கிச் சட்டை, நடுவில் அவன். கீழே ஒரு வரி: 'லேட்டா வந்தா தூக்கணும்னு சங்கரன்தானே சொன்னான்?' முதலில் சங்கரனைத் தூக்கினான். பிறகு ஷீலாவை. கடைசியில் என்னை.

போன் போட்டேன். "டேய், எங்க இருக்க?"

"வந்துண்டே இருக்கேன்டா. லஸ் சிக்னல்." பின்னால் யாரோ அவனிடம் காபிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது.

உள்ளே ஓடினோம். இலைச் சாப்பாடு முடிந்துவிட்டது; அவனும் வேறு வழியாகப் போய்விட்டான்.

மறுநாள் காலை குட்மார்னிங் வரவில்லை. ஒன்பது மணிக்கு என் நம்பருக்குத் தனியாக ஒன்று வந்தது: 'அடுத்த ஞாயிறு, அதே கேன்டீன், பன்னெண்டு மணி. நேரத்துக்கு வரவாளைத்தான் குரூப்ல சேத்துப்பேன்.'

அந்த ஞாயிறு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பதினொன்றரைக்கே போய் வாசலில் நின்றேன். 'வந்துட்டேன்' என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. 'சரிடா. செருப்பு மாட்டியாச்சா?'