ஒன்பது மணி பஸ்

இன்று கொண்டாப்பூர்ப் பக்கம் போய்த் தடுக்கி விழுந்தால் ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர் மேல்தான் விழவேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் அப்படியில்லை. செகந்தராபாத்தின் திருமுல்கேரி முழுக்கச் சலித்துத் தேடினாலும், கம்ப்யூட்டரோடு உறவு கொண்டாடக்கூடியவர் என்று ஒருவர்தான் அகப்பட்டிருப்பார். அவர் ஜெயகரன். அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. கம்ப்யூட்டருக்குள் போகிற சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, 'சரி' அல்லது 'சரியில்லை' என்று முத்திரை குத்துவார். முழு மிஷின் எப்படி ஓடுகிறது என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது அந்தச் சின்ன விஷயத்தை அவர் வெளியே விட்டதில்லை. "நாங்க செய்யுத மிஷினு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

என்ன காலம் அது! கம்பெனி பஸ் காலையில் தெருமுக்குக்கு வரும், சாயங்காலம் அதே முக்கில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் ரிட்டயராகும்வரை யாரும் அசைக்க முடியாது. கேன்டீன் சாம்பாரைக் குறை சொல்வதைத் தவிர மனிதனுக்கு வேறு கவலை கிடையாது. கம்ப்யூட்டருக்குப் போட்டுக் கழித்த துளைபோட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார் ஜெயகரன். மளிகைச் சாமான் எழுத, பாட்டுப் புத்தகத்தில் அடையாளம் வைக்க, ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான். அவருடைய ஒரே மகள் பியூலா அந்த அட்டைகளோடுதான் வளர்ந்தாள். இந்த ஓட்டை எதுக்கு, அந்த ஓட்டை எதுக்கு என்று அவரைப் பிடுங்கி எடுப்பாள். தெரியாத கேள்விக்கெல்லாம் "அது பெரிய கணக்கு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

அந்தப் பியூலாதான் பன்னிரண்டாவதான இன்டர் முடித்துவிட்டு, படித்தால் கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு இடத்தில் சீட்டும் கிடைத்துவிட்டது. ஒன்று சென்னையில், பேரைச் சொன்னாலே மரியாதை கிடைக்கிற பழைய கல்லூரி. இன்னொன்று இங்கேயே, தார்நாகா பக்கம், அந்தப் படிப்பைப் புதிதாக ஆரம்பித்திருந்த பல்கலைக்கழகம்.

ஜெயகரனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சென்னையில் அவருடைய அண்ணன் சிலாஸ் இருக்கிறார். அண்ணன் மகள் யூனிஸ் அதே கல்லூரியில் அதே படிப்பைத்தான் ஒரு வருஷமாகப் படிக்கிறாள். பெண்களுக்குத் தனி ஹாஸ்டல். சர்ச் வாசலில் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். நன்றாக இருக்கும் என்ன, சொல்லியே முடித்துவிட்டார்.

ஜூலையில் அந்த யூனிஸ் லீவுக்கு வந்தாள். வந்த அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது பியூலா அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மிஷின் எப்படி இருக்கும்? தொட்டா சூடா இருக்குமா?"

"யாருக்குத் தெரியும்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்திருக்கேன், அவ்வளவுதான்" என்றாள் யூனிஸ்.

ஜெயகரன் பேப்பரைத் தாழ்த்தினார். "அப்போ ஒரு வருஷமா என்னத்தப் படிச்சே?"

"பேப்பர்ல எழுதிக் குடுப்போம் சித்தப்பா. தப்புன்னு மறுநாள் திரும்பி வரும். பசங்களை மட்டும் ஆறு மணிக்கு மேல உள்ளே விடுவாங்க. எங்களுக்கு அந்நேரம் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிடுவாங்களே, எப்படிப் போறது?"

யூனிஸ் அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஊர் நடப்பாகச் சொன்னாள். பியூலாவின் பிஸ்கட் ஊறி டீக்குள்ளேயே விழுந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பியூலா யூனிஸைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தார்நாகாவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டுமாம். ஏசியில் பல் கிட்டிக்குமாம். பகல் முழுக்க மார்க்குப் பட்டியல், சம்பளக் கணக்கு என்று மிஷினுக்கு ஆபீஸ் வேலை. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை வரை படிக்கிறவர்கள் முறை. அதில் ஆண், பெண் என்ற பேதமே இல்லையாம். அங்கிருந்த ஒருவர் அவளை உட்காரவைத்துப் பேரை அடிக்கச் சொன்னாராம்.

"பச்சை எழுத்துல என் பேர் வந்துச்சுப்பா" என்றாள்.

ஜெயகரனுக்கும் ஒரு கணம் மனசு நிறைந்துபோயிற்று. அவரே அப்படி உட்கார்ந்து தன் பேரை அடித்ததில்லை. ஆனால் எட்டரை என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. எட்டரைக்கு முடிந்தால் திருமுல்கேரிக்கு ஒன்பது மணி பஸ்தான்.

"நக்கோ" என்றார், வேண்டாம் என்று. நெல்லைத் தமிழை விடாமல் காப்பாற்றி வைத்திருந்தவர்தான். ஆனாலும் கோபம் வந்தால் செகந்தராபாத் அவர் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"கைக்குப்பா?" ஏன் என்று அவளும் அதே பாஷையில் கேட்டாள்.

"கைக்கா? ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு பொம்பளப்பிள்ள பஸ் ஸ்டாப்புல நிக்கதா? நம்ம வீட்டுல அப்படி வழக்கம் உண்டாட்டீ?"

அவர் மனைவி ஐவி, ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மதிய டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், வெள்ளைப் புடவையில் பின் குத்தியபடியே சொன்னாள்.

"நான் நிக்கேன்லா."

"நீ எங்க நிக்கே?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புல. மதிய டியூட்டின்னா ஒம்பது மணி பஸ்தானே எனக்கு? இவ கைப்பிள்ளையா இருக்கும்போதே நிக்க ஆரம்பிச்சாச்சு. எனக்கு நீங்க குடை எடுத்துட்டுப் போன்னு மட்டும்தான் சொல்லுவீங்க."

குரலில் கோபமே இல்லை. மீன் குழம்பை ஒருதரம் சுடவைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று ஜெயகரனுக்கு மதியத் தூக்கம் வரவில்லை. அது வேலை, இது படிப்பு என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். இவள் சின்னப்பெண், அவள் விவரம் தெரிந்தவள் என்றும் சொல்லிப் பார்த்தார். ஆனால் ஐவி ஸ்டாப்பில் நிற்கத் தொடங்கிய வயதில் அவளும் சின்னப்பெண்தான். பத்து மணி சுமாருக்குக் கதவு தட்டப்படும், திறப்பார், "மழையா?" என்று கேட்பார், போய்ப் படுத்துக்கொள்வார். தட்டுவதற்கு முன்னால் அவள் எங்கே, எப்படி நின்றாள் என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. பேருக்கு இன்ஸ்பெக்‌ஷன்காரர்.

எட்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் தெருவிளக்கு எரியவில்லை. டயர் கடை மூடிக் கிடந்தது. எதிரே கள்ளுக்கடையிலிருந்து ஆட்கள் இரண்டிரண்டு பேராக வந்துகொண்டிருந்தார்கள். பான் கடை வெளிச்சத்தை ஒட்டி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஐவி நின்றாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"பிள்ளைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. சும்மா வருகிற மனிதர் இல்லையே அவர். ஜெயகரன் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"எப்பவும் இங்கதான் நிப்பியா?"

"இங்க லைட்டு இருக்கும். இந்தக் கடையும் மூடிட்டா ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, பஸ் சத்தம் கேட்டதும் ஓடி வருவேன்."

"பயமா இருக்காதா?"

"மொதல்ல ரொம்ப இருந்துச்சு. ஒருத்தன் கொஞ்ச நாளு பின்னாலயே வந்தான். பெறவு அவனாவே நின்னுட்டான். இப்போ பழகிட்டு."

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா வேலைய விட்டுருன்னு சொல்லியிருப்பீங்க."

அப்படித்தான் சொல்லியிருப்பார். அதையும் அன்பாகத்தான் சொல்லியிருப்பார், சொல்லிவிட்டு நல்ல புருஷன் என்று தன்னையே மெச்சிக்கொண்டும் இருந்திருப்பார். பஸ் வந்தது. ஐவி முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார, அவர் பின்னால் நின்றுகொண்டு அவள் தலையையே பார்த்தபடி வந்தார். வீடு வருவதற்குள் இரண்டு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே ஒன்பது மணி பஸ்ஸை நினைத்துத்தான் பியூலா இன்றைக்கும் ஏங்குகிறாள். பொட்டலத்தில் சூடான வேர்க்கடலை, ஜன்னல் வழியே வரும் மழைச்சாரல், கண்டக்டரிடம் தெலுங்கில் ஒன்று உருதுவில் ஒன்று என்று அப்பா பேசுகிற பேச்சு. அந்த நாலு வருஷம் இனி எங்கே கிடைக்கும் என்பாள். ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அதற்கு முன்னால் திங்கட்கிழமைக் காலை ஒன்று இருக்கிறது.

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஜெயகரன் ஷூ மாட்டிக்கொண்டே பியூலாவைக் கூப்பிட்டார்.

"இங்கயே சேந்துரு."

அவள் கிட்டே வந்தாள்.

"சாயங்காலம் நான் கம்பெனி பஸ்ல தார்நாகாவுலயே இறங்கிருதேன். எட்டரைக்குக் கேட்டுப் பக்கத்துல நிப்பேன். உன் கூட்டாளிங்க முன்னால வெக்கமா இருந்துச்சுன்னா கொஞ்சம் தள்ளி நிக்கேன்."

"சர்ச்சுல மெட்ராஸ்னு சொல்லிட்டீங்களேப்பா."

"மாத்திச் சொல்லிக்கிடுதேன். இன்னொண்ணு கேளு. எங்கயாவது உனக்குப் பயமா இருந்தா என்கிட்ட சொல்லிரணும். சொன்னா நான் படிப்ப நிறுத்த மாட்டேன்."

பியூலா அவரையே பார்த்தாள். பிறகு, அம்மா தூங்கிக்கொண்டிருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஸ்டாப்புல ஒருத்தன் பின்னால வந்ததை அம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

ஜெயகரன் குனிந்து ஷூ கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். கை நின்றது. நிமிராமலே சொன்னார்.

"நேத்துதான்."