மூன்று காத வழி

"மேடம், கோடன் ஏன் சுத்திக்கிட்டுப் போறான்?" என்று கவியா தொலைபேசியில் கேட்டபோது எழிலரசிக்குக் கேள்வி புரியவில்லை.

கவியா பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த எடிட்டர். அரக்கோணத்துப் பெண். எழிலரசியின் நாவலில் மூன்றாம் பாகத்தைச் செம்மை செய்துகொண்டிருந்தாள். பத்து நாளில் அது அச்சுக்குப் போக வேண்டும்.

"எங்க சுத்தறான்?"

"மேப்பப் பாருங்க. அரண்மனை மலைக்குக் கெழக்கே இருக்குது. இளவரசி ஒளிஞ்சிருக்கற கூழாங்குடி வடக்கே. கோடன் மருந்த எடுத்துக்கிட்டுத் தெற்கே போறான், மேற்கே போறான், அப்புறம் வடக்கே வர்றான். பதினோரு காதம். நேரா வடக்கே போனா மூணு காதம்தான். ஸ்கேல் நீங்களே போட்டிருக்கீங்க."

"அது எதிர்ப்பக்கம் ஆச்சே."

"எதுக்கு எதிர், மேடம்?"

எழிலரசி யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் வேங்கிக்காலில் நில அளவைப் பிரிவில் வரைவாளர். அளவில்லாத வரைபடத்தை அவளால் பார்க்கவே முடியாது. முதல் பாகத்தின் முதல் பக்கத்தில் அந்த நாட்டின் படத்தை அவளே வரைந்து, காதக் கணக்கும் போட்டிருந்தாள். இரண்டாம் பாகத்திலும் அதே படம். இனி மலையை நகர்த்த முடியாது. அரசி வேயினி கோடனிடம் கொடுத்தனுப்பும் மருந்து போய்ச் சேர நான்கு நாள் ஆகிறது, அவள் மகள் இளவரசி இறக்கிறாள், அந்தத் துக்கத்தில் அவள் போருக்குப் புறப்படுகிறாள். மூன்றாம் பாகம் முழுவதும் அந்தப் போர்தான். ஒரே பகலில் போகக்கூடிய வழி இருந்ததென்றால் அந்தச் சாவு எழுதியவளின் கவனக்குறைவு. ஒன்பது வருட வேலை அதோடு சரிந்துவிடும்.

அன்று மாலை மூன்று பாகங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, கதையில் நடந்த ஒவ்வொரு பயணத்தையும் படத்தின் நகலில் பென்சிலால் வரைந்தாள். அகதிகள், வணிகர்கள், தப்பியோடிய திருடன், அந்த மலையை வெறுக்கும் எதிரிப் படை. எல்லோரும் மலையை வலப்பக்கம் வைத்தே போயிருந்தார்கள். பென்சில் கோடுகள் ஒரே திசையில் சுற்றிச்சுற்றிக் கறுத்தன.

அந்த உலகத்தில் கோயில் கிடையாது. கடவுள் கிடையாது. வானத்தில் மூன்று நிலாக்கள். எதையும் இரவல் வாங்காமல் அடியிலிருந்து கட்டிய உலகம் என்று அதைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. கடவுளை எடுத்துவிட்டாள். தன் ஊரில் எல்லோரும் அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலத்தை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை, ஏனென்றால் அது அங்கே இருப்பதையே அவள் பார்க்கவில்லை. இப்படிப் பார்க்காமல் விட்டவை தன் வாழ்க்கையில் எவை என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தாள். தாள் வெறுமையாகவே இருந்தது. பார்க்காததை எப்படி எழுதுவது? அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்றுதான் பட்டது. தாளை மடித்து வைத்தாள்.

மறுநாள் கவியாவே வழி சொன்னாள். "வடக்கு ரோட்டுல மண்சரிவுன்னு ஒரு வரி போட்டுடலாம் மேடம். யாரும் கேக்க மாட்டாங்க."

ஒரு வரி போதும்தான். எழிலரசி அதை எழுதிப் பார்த்தாள். கோடன் சரிவைப் பார்த்துத் திரும்பினான் என்று எழுதியதுமே அது பொய் என்று தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டான்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கணவன் பிரகாஷின் வண்டியில் அடி அண்ணாமலை போனாள். அங்கிருந்து செங்கம் ரோடு வரை, மலையை இடப்பக்கம் வைத்து நடந்து பார்ப்பதாக உத்தேசம்.

"எதிர்ல நடக்கப் போறியா? எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா நாந்தான் மாட்டுவேன்" என்றான் பிரகாஷ்.

"நீ சொல்லாத."

"ராணிக்காக இவ்ளோ பண்ற. எனக்கு ஜுரம் வந்தப்ப ஒரு கஷாயம் கெடச்சுதா?"

நடக்க ஆரம்பித்ததும் எதிரில் வருபவர்கள் எல்லோருடைய முகமும் தெரிந்தது. இத்தனை வருடங்களில் முதுகுகளை மட்டுமே பார்த்திருக்கிறாள். அவர்கள் இவளைப் பார்த்துவிட்டுச் சற்று ஒதுங்கினார்கள். கால் கூசியது. யாரும் தடுக்கவில்லை.

கூடையில் கொய்யா விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கூப்பிட்டாள். அவள் பெயர் ஜோதியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"ஏம்மா, என்னாத்த விட்டுட்டு வந்த? செல்போனா?"

"ஒண்ணும் விடலைங்க. சும்மா இப்படி நடந்து பாக்கறேன்."

"சும்மாவா? எதயாச்சும் தொலச்சவங்கதான் இப்படித் திரும்பி வருவாங்க."

எழிலரசி கொய்யா வாங்கிக்கொண்டாள். "நீங்க எந்த ஊருங்க?"

"இதோ, அடி அண்ணாமலதான்."

"அப்போ தெனமும் இந்தப் பக்கமாத்தானே வர்றீங்க? நான் வந்த மாதிரியே?"

"ஆமா. பின்ன கொய்யா விக்க மலைய முழுசா சுத்திக்கிட்டா வருவாங்க?" ஜோதியம்மாள் சிரித்துவிட்டாள். "நல்லா கேக்கற போ. அது வேலைக்கி வர்றது. சாமிக்கு நடக்கறது வேற."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"கூடை வச்சிருக்கறவள யாரு பாக்கறா? மொளகாப் பொடி ஜாஸ்தியா போடட்டா?"

வீட்டுக்கு வந்து முதல் பாகத்தைத் திறந்தாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில், விடியலில் அரண்மனை வாயிலுக்குப் பால்காரிகள் வந்தார்கள் என்று ஒரு வரி இருந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்று அவள் எழுதவில்லை. படத்தில் மேய்ச்சல் நிலம் ஒரே இடத்தில்தான் இருந்தது, கூழாங்குடியைச் சுற்றி. மூன்று காதம் தலைச்சுமையோடு வர இரவெல்லாம் நடந்திருக்க வேண்டும். ஒன்பது வருடங்களாக அவர்கள் வடக்கு வழியில் வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மண்சரிவு வரியை அடித்தாள். வியாழக்கிழமை வரை விடுப்பு எடுத்துப் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதினாள். போர் முடிந்துவிட்டது. வென்ற வேயினி வாயிலில் நிற்கிறாள். காலிக் குடத்தோடு திரும்பும் பால்காரி ஒருத்தி வடக்கே நடப்பதைப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்கிறாள். கூழாங்குடிக்கு, பொழுது சாய்வதற்குள் போய்விடுவேன் என்கிறாள் அவள். மருந்து புறப்பட்ட அன்று? அன்றும் போனேன், கோடன் குதிரை ஏறியபோது பக்கத்தில்தான் நின்றேன், என்னிடம் யாரும் எதுவும் தரவில்லையே என்கிறாள்.

அதை எழுதி முடிக்கும்போது வேயினிக்காகத் தான் அழுவோம் என்று எழிலரசி எதிர்பார்த்தாள். அழவில்லை. வேயினி சற்றுத் தூரத்தில், தெளிவாகத் தெரிந்தாள்.

வெள்ளிக்கிழமை கவியா பேசினாள். "படிச்சிட்டேன் மேடம். இனிமே ராணிய யாருக்கும் பிடிக்காது."

"தெரியும்."

"மூணு பாகம் அவங்க பக்கம் நின்னுட்டு, கடசியில இப்படி ஆயிடுச்சேன்னு லெட்டர் போடுவாங்க. பாதிப் பேரு திட்டுவாங்க."

"திட்டட்டும். மண்சரிவு வேணாம்."

"வேணாம்தான்" என்றாள் கவியா. "ஒரே ஒரு சந்தேகம். பின்னாடி பேர்ப் பட்டியல் இருக்கே, அதுல பால்காரியச் சேக்கணும். பேரே காணோமே?"

"வேயினி கேக்கலியே."

"நீங்க வைக்கலாம் இல்ல?"

எழிலரசி யோசித்தாள். நாவலில் முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள் இருந்தன, குதிரைகளுக்குக்கூட. இந்த ஒருத்திக்கு எதை வைத்தாலும், கேட்காமல் விட்ட குற்றத்திலிருந்து வேயினியைத் தானே காப்பாற்றியதாகிவிடும் என்று தோன்றியது.

"இல்ல கவியா. அப்படியே அனுப்பிடு" என்றாள்.