பலகையில் தொங்கிய வில்லை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். காசு மாதிரி வட்டமான ஒரு பித்தளை வில்லையின் கதை சொல்கிறேன். கேட்டால் கொஞ்சம் பயமாக இருக்கும். ஆனாலும் பாதியில் உங்களை விட்டுவிட்டு எழுந்து போக மாட்டேன்.

மூடிப்போன சுரங்கம் ஒன்று இருந்தது. அதன் மேல்பாதையைக் கூட்டிப் பெருக்கி, விளக்குப் போட்டு, அங்கே வேலை பார்த்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களுமாக அருங்காட்சியகம் நடத்திவந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. டீத்தூள்கூட முறைபோட்டுத்தான் வாங்கிவர வேண்டும். சாவிக்கொத்து ஒரு அம்மாளின் இடுப்பில். அதனால் அவளுக்குப் பெயரே சாவியக்கா.

நகராட்சி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடங்கள் வந்தால் இடம் உங்களுக்கு; வராவிட்டால் கோடை முடிந்ததும் வாசலில் சுவர் எழுப்பிவிடுவோம்.

சாவியக்கா பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினாள். சுரங்கத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கழிப்பறை எத்தனை, மழை வந்தால் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடும், ஒரு பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு என்றுதான் கேட்டார்கள். முதல் இரண்டு கேள்விக்கு அலைந்து திரிந்து ஏற்பாடு செய்தாள். மூன்றாவதற்குப் பதில் சுரங்க வாசலிலேயே இருந்தது.

சுரங்கத்துக்குள் போகிறவன் தன் எண் அடித்த வில்லையை வாசல் பலகையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். வெளியே வந்ததும் அவனேதான் எடுப்பான். அடுத்தவர் கை அதில் படக்கூடாது. வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். வருகிற பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வில்லை கொடுப்பது என்று முடிவாயிற்று.

ஒத்திகை நடந்தது. கிழட்டு ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் பள்ளிப்பிள்ளைகளாக வரிசையில் நின்றார்கள். பாதி வழியில் ஒரு ஃபிட்டர் விரலைத் தூக்கி, “டீச்சர், ஒண்ணுக்கு!” என்றார். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் புரையேறியது.

வரிசையின் முன்னால் போகிற வழிகாட்டிக்குத் ‘தலை’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் நடந்து, பின்தங்குகிறவர்களைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் ‘வால்’. வால், சாவியக்காவின் உடன்பிறந்த தம்பி. பழைய சுரங்கத் தொழிலாளி. ஒவ்வொரு ஒத்திகையிலும் தன் பழைய வில்லையைப் பலகையில் மாட்டுவார். வெளியே வந்ததும் எடுக்க மறந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் டீக்கடைக்கு நழுவிவிடுவார்.

“பிள்ளைங்களுக்குத்தான்டா வில்லை. நடுவுல உன்னுது எதுக்கு?” என்பாள் அக்கா.

“மாட்டாம உள்ள போனா எனக்குக் காலே வராதுக்கா.”

“மாட்டத் தெரியுது, எடுக்கத் தெரியலையா?”

“அதான் நீ எடுத்து வச்சுடறியே!”

ஆமாம், அவள்தான் எடுத்துவைப்பாள். தொங்குவதைப் பார்ப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்வாள். அதுவே பழகிப்போயிற்று.

முதல் வகுப்பு வந்த நாள். பெரிய ஹெல்மெட்டுகளுக்குள் சாவியக்கா பஞ்சு ஒட்டி வைத்திருந்தாள். அப்படியும் சில பிள்ளைகளுக்கு மூக்குவரை இறங்கியது. போனார்கள், பார்த்தார்கள், கூச்சலும் கும்மாளமுமாகத் திரும்பினார்கள். தலை அவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். போகிற வழியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டது. கடைசியில் பலகையில் ஒன்று மட்டும் தொங்கியது.

டீச்சர் பலகையைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். ‘இவனுக்கு இதே வேலையாப் போச்சு’ என்று முணுமுணுத்தபடி அக்கா அதை வெடுக்கென்று எடுத்துப் பையில் போட்டாள்.

“எல்லாரும் வெளிய வந்தாச்சுங்களா?” என்றார் டீச்சர்.

“பலகையைப் பாருங்க டீச்சர். சுத்தம்!”

டீச்சர் தலையாட்டிச் சிரித்தார். பேருந்து போயிற்று. அக்கா மெயின் சுவிட்சை அணைத்து, இரும்புக் கதவைப் பூட்டி, பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தாள்.

தம்பி குடும்பம் பக்கத்து வீடுதான். தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, அவரு எங்க?”

“டீக்கடையில இருப்பான்.”

“அங்கேருந்துதான் வரேன். இன்னிக்கு வரவே இல்லைங்கறாங்க.”

அக்காவின் கை தானாகப் பைக்குள் போனது. வில்லை விரலில் பட்டது. “ஐயோ, அவன் உள்ளேதான் இருக்கான்!” என்றாள்.

இரண்டு பேரும் ஓடினார்கள். கொத்தில் எது கதவுச் சாவி என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. தம்பி மனைவிதான் சாவியைப் பிடுங்கித் திறந்தாள். பக்கவாட்டுக் குழியோரம், ஒரு பிள்ளை தவறவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போய் விழுந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, கால் மடங்கிப்போய் இருட்டில் உட்கார்ந்திருந்தார் வால். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“ஏங்க, ஒரு சத்தம் போடக் கூடாதா?” என்று அழுதாள் மனைவி.

“விளக்கு போனப்ப கரண்ட் கட்டுன்னு நெனச்சேன். வில்லை தொங்குதே, யாராவது வருவாங்கன்னு பேசாம உக்காந்திருந்தேன்.” பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். “ஏன்க்கா இவ்வளவு நேரம்?”

அக்கா வில்லையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். “அந்தப் பலகைதாங்க எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. அடுத்த வகுப்புப் பிள்ளைங்களையும் அனுப்பலாம்னு இருக்கோம்.”

‘சரி’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாசலில் சுவர் எழும்பாது. அக்கா அதைச் சொல்லவில்லை.

“டீச்சர், அந்தப் பலகை பொய் சொல்லலை. நான்தான் சொல்ல வச்சேன்” என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“பெரியவங்ககிட்ட கலந்துட்டுச் சொல்றேன்” என்று டீச்சர் வைத்துவிட்டார். இன்னும் சொல்லவில்லை.

காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த தம்பியிடம் வில்லையைக் கொடுக்கப் போனாள். அவர் வாங்கவில்லை.

“கொண்டுபோய் அதே ஆணியில மாட்டுக்கா. நான் நடந்து வந்து எடுத்தாத்தான் அன்னிக்கு உள்ள போனவன் வெளிய வந்ததா அர்த்தம்.”

மாட்டினாள். கோடை முடியப் போகிறது. வில்லை இன்னும் தொங்குகிறது. தினமும் காலையில் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஆளில்லாத பாதையில் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வருகிறாள் சாவியக்கா. அந்த வில்லையின் பக்கம் அவள் கை போவதில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற ஒவ்வொருவரும் பொழுது சாய்வதற்குள் வாசல் ஏறி வரட்டும். வராதவர்களைத் தேடிப் போக உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.